முளைப்பாரி பாதிச் சட்டியில் அழுகிப் போகிறது: விதையா, தண்ணீரா, எது தப்பு?

கண்மாய்க்கரை கேட்டது:

விருதுநகர் மாவட்டம், கரிசல் பக்கம். மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு முளைப்பாரி, அதாவது சட்டியில் தானியத்தை முளைக்கவைத்துத் தலையில் சுமந்து போவது. செவ்வாய்க்கிழமை சாட்டி (திருவிழாவை ஊருக்கு அறிவித்து), காப்புக் கட்டி, அன்று ராத்திரியே முத்துப் போடுவோம், அதாவது விதைப்போம். மறு செவ்வாய் சாயந்திரம் பாரி எடுத்து, புதன் காலையில் கண்மாயில் கரைப்பது வழக்கம். மொத்தம் 21 சட்டி. போன தடவை அதில் 8 கெட்டுப்போனது. எப்படிக் கெட்டது என்று பிரித்துச் சொல்கிறேன்.

நாலு சட்டியில் அஞ்சாம் நாள் வரை நன்றாக வந்த பயிர், மண்ணை ஒட்டி நூல் மாதிரி மெலிந்து பழுப்பாகிச் சாய்ந்தது. இரண்டு சட்டியில் பாசிப்பயறு மட்டும் முளைத்தது, மற்றது எதுவும் வரவில்லை. மீதி இரண்டில் பயிர் உயரமாக வந்தும் எல்லாம் ஒரே பக்கம் படுத்துவிட்டது, கட்டி நிறுத்த முடியவில்லை.

செய்த முறை: கோயிலை ஒட்டிய தகரக் கொட்டகை. மண்சட்டி கிடைக்காததால் பிளாஸ்டிக் பேசின். கண்மாய் மண்ணோடு அன்றைய சாணியைக் கரைத்துச் சேர்த்தோம். விதைக்குப் பூசைக் கடையில் நவதானியப் பாக்கெட். தண்ணீர் போர் தண்ணீர், காலையும் மாலையும் வருகிறவர்கள் எல்லாரும் ஊற்றினார்கள்.

இன்னும் இரண்டு சந்தேகம். பேசின் ஒன்று தூக்க முடியாத கனம், அதைக் குறைக்க வழி உண்டா? ஒன்பது தானியம் என்றால் எந்த ஒன்பது?

யாரோ சுத்தபத்தம் இல்லாமல் உள்ளே போனதால்தான் இப்படி ஆனது என்று ஊரில் பேச்சு ஓடுகிறது. அதையும் மனதில் வைத்துப் பதில் சொல்லுங்கள்.

---

கரிசல்விதை எழுதியது:

நீங்கள் எழுதிய செய்முறையிலேயே மூன்றுக்கும் பதில் இருக்கிறது. யாருடைய சுத்தத்துக்கும் இதில் வேலை இல்லை.

முதலில் அழுகல். மண்ணை ஒட்டித் தண்டு மெலிந்து சாய்வது நாற்றழுகல். கத்தரி, மிளகாய் நாற்றங்காலில் வருகிற அதே பூஞ்சை நோய்தான். அதற்கு வேண்டியது ஈரம், நெருக்கம், காற்றில்லாத மண். பேசினில் ஓட்டை கிடையாது, ஊற்றிய தண்ணீர் எல்லாம் அடியில் தேங்கியிருக்கும். மேல்மண் காய்ந்த மாதிரி தெரியும், வருகிறவர்கள் இன்னும் ஊற்றுவார்கள், அடியில் சேறாகி வேர் மூச்சு முட்டிச் செத்துவிடும். அடுத்த தடவை சந்தேகம் வந்தால் ஓரத்தில் விரலை விட்டுக் கொஞ்சம் மண் எடுத்து முகர்ந்து பாருங்கள். முட்டை அழுகின வாடை வந்தால் தண்ணீர் மிஞ்சிவிட்டது.

அதோடு ஈரச் சாணி. புதுச் சாணி மண்ணுக்குள் மக்கும்போது சூடேறும், பூஞ்சைக்கும் தீனியாகும். அதனால்தான் கிழவிகள் எருவைக் காயப்போட்டு, உதிர்த்து, சலித்துப் போட்டார்கள். குப்பைக்குழியின் அடியில் கிடக்கும் பழைய எரு, அதுவும் காய்ந்தது, சல்லடையில் சலித்தது. இரண்டு பங்கு வண்டலுக்கு ஒரு பங்கு எரு போதும். ஆட்டுப்புழுக்கை என்றால் இன்னும் குறைத்து, இடித்துத் தூளாக்கிப் போட வேண்டும். அது காரம், மிஞ்சினால் வேர்நுனி கருகும்.

பலரும் எருவைப் பயிருக்குச் சாப்பாடு என்று நினைக்கிறார்கள். எட்டு நாள் பயிருக்குச் சாப்பாடு வெளியிலிருந்து தேவையே இல்லை. பயறின் இரண்டு பருப்புக்குள்ளும் நெல்லின் அரிசிக்குள்ளும் இருப்பதே அதுவரை தாங்கும். எரு போடுவது மண் இறுகாமல், ஈரம் பிடித்து, கனம் குறைவாக இருக்கத்தான். வெறும் கரிசலைப் போட்டால் நனைந்ததும் களியாகும், காய்ந்தால் வெடிக்கும். வெடிப்பில் வேர் அறும்.

இரண்டாவது, முளைக்காதது. பூசைக் கடைப் பாக்கெட் ஓமத்துக்கும் நவக்கிரகத்துக்கும் வாங்குவது. அதில் வருவது கோதுமை, நெல், துவரை, பச்சைப்பயறு, கொண்டைக்கடலை, மொச்சை, எள், உளுந்து, கொள்ளு. கடையில் எத்தனை வருடம் கிடந்தது என்று யாருக்கும் தெரியாது, வண்டு துளைத்ததும் கலந்திருக்கும். எள்ளைப் பயறு ஆழத்துக்கு மூடினால் மேலே வராது. கொண்டைக்கடலை பனிக்காலப் பயிர், பங்குனி வெக்கையில் ஈர மண்ணில் கிடந்தால் முளைப்பதற்குள் அழுகும். அழுகிய கடலை பக்கத்து விதையையும் கெடுக்கும்.

விதையைச் சாட்டுக்குப் பத்து நாள் முன்னாலேயே சோதித்துவிடுங்கள். ஒவ்வொரு தானியத்திலும் 100 எண்ணி, நனைத்துப் பிழிந்த வேட்டித் துணியில் சுருட்டி வையுங்கள். நாலாம் நாள் எத்தனை முளைத்திருக்கிறது என்று எண்ணுங்கள். சான்று விதைக்கே (அரசு சோதித்துச் சான்று தந்த விதை) நெல்லில் 80, பயறில் 75 விழுக்காடு முளைப்பு வேண்டும் என்பது கணக்கு. அதற்குக் கீழே போனால் வேறு வீட்டு விதை வாங்குங்கள். தட்டைப்பயறில் சிலது ஊறவே ஊறாது, கல் மாதிரி அப்படியே கிடக்கும். ஊறவைத்த பிறகு கையால் தடவிப் பார்த்துக் கல்பயறைப் பொறுக்கி எறிந்துவிடலாம். நெல்லில் ஒரு கண்ணி உண்டு: அறுத்த புதிது என்றால் சில ரகங்கள் சில வாரம் உறங்கும், முளைக்காது. முந்தின போகத்து நெல்லைப் போடுங்கள். புழுங்கல் நெல்லை யாரும் போடமாட்டார்கள் என்று நினைப்போம், அதுவும் நடக்கிறது.

சிவப்புச் சாயம் பூசிய கம்பெனி விதை வேண்டாம். அது பூஞ்சைமருந்து கலந்தது. முளைக்கும்தான், ஆனால் கையால் அளைந்து கண்மாயில் கரைக்கிற பொருளுக்கு மருந்து எதற்கு.

மூன்றாவது, சாய்ந்து படுத்தது. அந்த இரண்டு சட்டியும் கதவுக்கோ ஓட்டை விழுந்த தகரத்துக்கோ பக்கத்தில் இருந்திருக்கும். இருட்டில் வளரும் பயிர் துளி வெளிச்சம் வந்தாலும் அதை நோக்கிக் கழுத்தைத் திருப்பும். உள்ளே வைக்கும் விளக்கும் அப்படித்தான். அகலை ஒரு மூலையில் வைத்தால் அந்த மூலைக்குச் சாயும். வெள்ளை எல்.இ.டி பல்பு இன்னும் மோசம், அதில் நீல ஒளி அதிகம், பயிர் வளைவது அந்த ஒளிக்குத்தான். விளக்கை நடுவில் வையுங்கள், தினமும் ஒவ்வொரு சட்டியையும் கால் சுற்றுத் திருப்பி வையுங்கள். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு செல்போனில் வீடியோ எடுப்பதை எட்டு நாளைக்கு நிறுத்தச் சொல்லுங்கள். அம்மன் கோவிக்கிறாளோ இல்லையோ, பயிர் கோவிக்கும்.

---

ஓலைப்பெட்டி எழுதியது:

பாத்திரத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன், மேலே அண்ணாச்சி மற்றதைச் சொல்லிவிட்டார்.

பழைய வழக்கம் அடி தட்டிய பானை. வாய் அகன்ற பானையின் அடியைத் தட்டி எடுத்துவிட்டு, ஓட்டையின் குறுக்கே பனைமட்டை நாரோ சோளத்தட்டையோ கட்டி, அதன்மேல் வைக்கோல் போட்டு மண் நிரப்புவார்கள். மிஞ்சின தண்ணீர் தானே இறங்கிவிடும். மண்பாண்டம் செய்கிற வேளார்கள் வீட்டில் ஒரு மாதம் முன்னால் சொன்னால் சாட்டுக்குச் செய்து கொடுப்பார்கள். பனையோலைப் பெட்டி, மூங்கில் தட்டுக்கூடையும் நல்லது. பேசின்தான் கதி என்றால் அடியில் சுண்டுவிரல் தடிமனில் எட்டுப் பத்து ஓட்டை போட்டு, இரண்டு செங்கல்மேல் தூக்கி வையுங்கள். தரையோடு ஒட்டி வைத்தால் ஓட்டை இருந்தும் பயனில்லை.

கனம்: நீங்கள் பேசின் முழுக்க மண் நிரப்பியிருப்பீர்கள். ஒரு அடி அகலம், முக்கால் அடி ஆழப் பாத்திரத்தில் நனைந்த மண் 20 கிலோவைத் தாண்டும். பயறு வேருக்கு எட்டு நாளில் அவ்வளவு ஆழம் வேண்டாம். அடியில் நாலைந்து அங்குலத்துக்கு வைக்கோலைப் பிரிமாதிரி சுற்றி இறுக்கி அமுக்குங்கள். அதன்மேல் மூன்று அங்குலம் மண்ணும் எருவும். தூக்கிப் பார்த்தால் எட்டு ஒன்பது கிலோவுக்குள் அடங்கும். வைக்கோலை முதல் நாளே தண்ணீரில் போட்டு எடுத்து உலரவிட்டுப் போடுங்கள். காய்ந்த வைக்கோல் மண்ணின் ஈரத்தை உறிஞ்சிவிடும், தளர்வாக இருந்தால் நடுவில் மண் உள்வாங்கிக் குழியாகும். குழியில் தண்ணீர் தேங்கி, நடுப்பயிர் மட்டும் அழுகும். ஓரம் செழித்து நடு வெறிச்சோடிய சட்டியைப் பார்த்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

கட்டுவது: நாலாம் நாள் பயிர் நாலு அங்குலம் வந்ததுமே ஓரத்தைச் சுற்றித் தென்னை ஈர்க்கைப் பத்துப் பன்னிரண்டு இடத்தில் செங்குத்தாக ஊன்றிவிடுங்கள். பிறகு ஊன்றினால் வேர் குத்துப்படும். ஆறாம் நாள் ஒரு வளையம், கடைசி நாள் அதற்கு மேலே இன்னொரு வளையம் வாழைநாரால் சுற்றுங்கள். நாரை நனைத்துக் கட்ட வேண்டும். நைலான் கயிறும் நூல்கண்டும் தண்டை அறுக்கும். இறுக்காதீர்கள், நாருக்கும் பயிருக்கும் நடுவே ஒரு விரல் போக வேண்டும். பூச்சரம் ஈர்க்குமேல்தான் தொங்க வேண்டும், பயிர்மேல் சுற்றினால் அந்தக் கனத்துக்கே ஒடிந்துவிடும்.

---

மேலத்தெரு எழுதியது:

இவ்வளவு கஷ்டம் எதற்கு? மூணாம் நாள் தண்ணீரில் ஒரு ஸ்பூன் யூரியா கலந்து தெளிச்சா பயிர் ஒரு முழம் வரும். எங்க பக்கம் இப்ப அதான் செய்றாங்க.

---

கரிசல்விதை எழுதியது:

வேண்டாம் தம்பி. இருட்டில் இருக்கிற பயிருக்கு உரத்தை வைத்துச் சமைக்க வெளிச்சம் இல்லை. ஒரு சட்டி மண்ணுக்கு ஒரு ஸ்பூன் அதிகம், வேர் வெந்துவிடும். தப்பினால் தண்டு நீர்கோத்துத் தடித்து, தலையில் வைத்து நாலு எட்டு நடந்ததுமே முறியும். உயரம் வருவது உரத்தால் இல்லை, இருட்டால். வெளிச்சத்தைத் தேடித் தண்டு நீளுகிறது, அவ்வளவுதான்.

---

பாலிகை எழுதியது:

ஒன்பது எது என்ற கேள்விக்கு: கிராமத்து முளைப்பாரிக்கு ஒரே பட்டியல் என்று ஒன்று கிடையாது. அந்த ஊர் நிலத்தில் விளைவதை வீட்டுக்கு ஒரு கை வாங்கிச் சேர்ப்பதே முறை. கரிசலில் சோளம், கம்பு, தட்டை, பாசி, உளுந்து, மொச்சை, துவரை. ஆற்றுப் பாசனப் பக்கம் நெல் முன்னால் நிற்கும். கடைப் பாக்கெட்டின் ஒன்பது கிரகக் கணக்கு. அதை இங்கே கொண்டுவந்து போட்டதால்தான் கோதுமையும் கொண்டைக்கடலையும் கரிசல்காட்டுச் சட்டிக்குள் வந்தன. எண்ணிக்கை ஒன்பது ஆக வேண்டும் என்று பூசாரி சொன்னால், முளைக்கச் சிரமப்படுவதில் ஒரு சிட்டிகை மட்டும் நடுவில் தூவிவிட்டு, சட்டியை நிரப்ப நாலு தானியத்தை நம்புங்கள். முத்துப் போடுவது அந்த வருட விதை தேறுமா என்று ஊரே சேர்ந்து பார்ப்பதற்கு என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. அப்படிப் பார்த்தால் வெளியூர்ப் பாக்கெட்டைப் போடுவதில் அர்த்தமே இல்லை.

ஆகமக் கோயில்களில் இதே காரியம் அங்குரார்ப்பணம். கொடியேற்றத்துக்கு முன்னால் மிருத்சங்கிரகணம் என்று நல்ல இடத்தில் மண் எடுத்து, பாலிகை, கடிகை, சராவம் என்ற மூன்று வகைக் கலங்களில் நிரப்பி விதைப்பார்கள். பயிர்களுக்குச் சந்திரன் அதிபதி என்பதால் இரவில்தான் விதைப்பு. உங்கள் ஊரில் ராத்திரி முத்துப் போடுவதும் இதோடு ஒத்துப்போகிறது. வெயில் தாழ்ந்த பிறகு விதைத்தால் ஊறின விதை முதல் சில மணி நேரம் காயாமல் இருக்கும் என்ற லாபமும் சேர்கிறது. கல்யாணப் பாலிகையில் ஐந்து கிண்ணம்: நடுவில் பிரம்மா, சுற்றிலும் இந்திரன், யமன், வருணன், சோமன். சுமங்கலிகள் பாலும் தண்ணீரும் தெளிப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு எட்டு நாளும் முளைப்பாரிக்குப் பால் தெளிக்கிறவர்கள் உண்டு, தயவுசெய்து வேண்டாம். முதல் நாள் சடங்குக்கு நாலு சொட்டு போதும். பங்குனி வெக்கையில் பால் புளித்தால் ஈயும் பூஞ்சையும்தான் மிச்சம்.

நீங்கள் கடைசியாகச் சொன்ன பேச்சுக்கு ஒரு வார்த்தை. பயிர் கறுத்தோ வளைந்தோ குட்டையாகவோ வந்தால் நல்ல குறி இல்லை என்று ஆகமத்திலும் உண்டு. அதற்குச் சாந்தி ஓமம் செய்யச் சொல்கிறதே தவிர, தண்ணீர் ஊற்றினவள் யார் என்று தேடச் சொல்லவில்லை.

---

கண்மாய்க்கரை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ஒரு சட்டிக்கு எவ்வளவு விதை, எந்தெந்த நாள் என்ன செய்வது என்று வரிசையாகச் சொன்னால் அப்படியே எழுதிச் சட்டி வைக்கிற பாரி வீட்டுச் சுவரில் ஒட்டிவிடுவேன். நெல் எங்கள் ஊரில் கடைசி நாளில்தான் ஊசி மாதிரி எட்டிப்பார்க்கிறது, அதற்கும் ஒரு வழி சொல்லுங்கள். மூணாம் நாள் விதைமேல் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி ஏதோ வந்தது, அது பூஞ்சைதானே?

---

கரிசல்விதை எழுதியது:

ஒரு அடி வாய் அகலச் சட்டிக்குக் கணக்கு: தட்டைப்பயறு 100 கிராம், பாசிப்பயறு 40, நெல் 25, சோளம் 20, கம்பு 10. இதற்குமேல் மற்ற தானியம் ஒரு சிட்டிகை. மொத்தம் 200 கிராம் தாண்ட வேண்டாம். விதை ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் ஒற்றை வரிசையாகப் பரவ வேண்டும். அடர்த்தியாக வரட்டும் என்று அரைக்கிலோ கொட்டுகிறவர்கள்தான் அஞ்சாம் நாள் அழுகிவிட்டது என்று வந்து நிற்கிறார்கள். 21 சட்டிக்கு மொத்தம் நாலேகால் கிலோ வரும், சோதனைக்கும் சேர்த்து ஐந்து கிலோ சேகரித்தால் தாராளம்.

நெல்லுக்கு முன்கூட்டியே வேலை தொடங்க வேண்டும். ஞாயிறு சாயந்திரம் ஊறப்போட்டு, திங்கள் சாயந்திரம் வடித்து, ஈரச் சாக்கில் கட்டி வைத்துவிடுங்கள். செவ்வாய் சாயந்திரம் வெள்ளை முனை காட்டும். அந்த நிலையில் போட்டால் பயறோடு சேர்ந்து வரும். மூட்டை கட்டினது சூடேறினால் நடுவில் அவிழ்த்துத் தண்ணீர் தெளித்து மறுபடி கட்ட வேண்டும். தட்டை, மொச்சை, துவரைக்கு 8 மணி நேர ஊறல். பாசி, உளுந்து, சோளத்துக்கு 6. கம்புக்கு 4 போதும். காப்புக்கு முன்னால் விதையை நனைக்கக்கூடாது என்று சில ஊரில் சொல்வார்கள். அப்படியானால் வீட்டிலிருந்து முத்துக் கொண்டுவருகிறவர்களையே நனைத்துக் கொண்டுவரச் சொல்லுங்கள், கோயிலில் வைத்துக் காப்புக்கு முன்னால் நனைத்ததாக ஆகாது.

செவ்வாய் ராத்திரி மண்ணை முதலில் நன்றாக நனைத்து, மிச்சம் வடிந்த பிறகு விதையைப் பரப்புங்கள். பெரிய பயறு முதலில், அதன்மேல் விரலின் முதல் கணு பாதி அளவுக்குச் சலித்த எரு, அதன்மேல் நெல்லும் சோளமும் கம்பும், மறுபடி மெல்லிசாக எரு. உள்ளங்கையால் லேசாக அமுக்கி, ஈரமான வைக்கோலோ வாழையிலையோ மூடிவிடுங்கள். புதன் முழுக்கத் தண்ணீர் வேண்டாம், இங்கேதான் எல்லாரும் கை அரித்து ஊற்றுகிறார்கள். வியாழன் காலை மூடியைத் தூக்கிப் பாருங்கள், மண் வெடித்து முளை தலையை முட்டினால் எடுத்துவிடுங்கள். ஒரு நாள் தாமதித்தாலும் முளை வைக்கோலுக்குள் சிக்கி, எடுக்கும்போது ஒடியும். வியாழனிலிருந்து காலை ஒரு தம்ளர், மாலை ஒரு தம்ளர், அதாவது வேளைக்கு 150 முதல் 200 மில்லி. செம்பால் ஊற்றாமல் வேப்பங்கொத்தை நனைத்து உதறுங்கள் அல்லது விரலிடுக்கில் தெளியுங்கள். திங்கட்கிழமைக்குமேல் பயிர் உயர்ந்துவிட்டால் மேலே தெளிக்காதீர்கள், தண்ணீர் கனத்தில் சாயும். ஓரமாக மண்ணில் விடுங்கள். செவ்வாய் காலையோடு நிறுத்திவிடலாம், தூக்கவும் கனம் குறையும்.

வெள்ளைப் பஞ்சு பற்றிக் கேட்டது நல்ல கேள்வி. கம்பு, சோளத்தின் வேரைச் சுற்றி வெள்ளை ரோமம் மாதிரி வருவது வேர்த்தூவி, நோய் இல்லை. தண்ணீர் தெளித்தால் அது வேரோடு ஒட்டி மறைந்துவிடும். தெளித்த பிறகும் சிலந்திவலை மாதிரி விதைக்கு விதை தாவி நின்றால் பூஞ்சை. பூஞ்சை வந்த இடத்தை ஒரு கரண்டியால் மண்ணோடு தோண்டி எடுத்துவிட்டு, அன்று தண்ணீரை நிறுத்துங்கள். மஞ்சள்நீர் தெளிப்பது வழக்கம், லிட்டருக்கு ஒரு சின்னக் கரண்டி மஞ்சள்தூள், கெடுதல் இல்லை. ஆனால் அடியில் சேறாக இருக்கிற சட்டியை மஞ்சள் காப்பாற்றாது.

போர் தண்ணீரில் உப்பு இருந்தால் மேல்மண்ணில் வெள்ளைப் பொருக்குப் படியும், இலைநுனி கருகும். குடிக்கிற கிணற்றுத் தண்ணீரோ மழைத்தண்ணீரோ எட்டு நாளைக்கு நாலைந்து குடம் ஒதுக்கினால் போதும்.

தகரக் கொட்டகையை விட்டுவிடுங்கள். பங்குனி மதியம் தகரத்துக்கு அடியில் 40 டிகிரிக்கு மேல் போகும், அந்தச் சூடும் ஈரமும் சேர்ந்தால் வேகவைத்த மாதிரிதான். கூரைவீடு, ஓட்டுவீடு, இல்லையென்றால் கீழ்த்தளத்துக் காரைவீடு. வேறு இடமே இல்லையென்றால் தகரத்துமேல் தென்னங்கிடுகு இரண்டடுக்குப் போட்டு மதியம் நனைத்துவிடுங்கள். எலிக்குக் கதவிடுக்கில் சாக்கைத் திணியுங்கள். ஊறின பயறுக்கு எலி முதல் ராத்திரியே வரும்.

---

மதினி_தெற்குத்தெரு எழுதியது:

தண்ணீர் ஊற்றுகிற ஆளை முடிவு செய்யாதவரை மேலே சொன்னது எதுவும் நடக்காது. வருகிறவர்கள் எல்லாரும் புண்ணியத்துக்கு ஒரு செம்பு ஊற்றினால் 21 சட்டியும் கண்மாய்தான். காப்புக் கட்டும்போதே விரதம் இருக்கிற இரண்டு பேரைப் பாரி வீட்டுக்குப் பொறுப்பாகச் சொல்லிவிடுங்கள். சாவி அவர்களிடம், தம்ளரும் அவர்களிடம். ராத்திரி கும்மிக்கு வருகிறவர்கள் வெளிமுற்றத்தில் ஒரு சட்டியை மட்டும் நடுவில் வைத்துச் சுற்றட்டும். இல்லையென்றால் வெறும் விளக்கை வைத்துச் சுற்றட்டும். அத்தனை சட்டியையும் தினமும் வெளியே தூக்கி உள்ளே வைத்தால் மண் குலுங்கி வேர் அறும். நாலாம் நாளுக்குமேல் அதைச் செய்யவே கூடாது.

வீட்டுக்கு ஒரு சட்டி என்று பேர் எழுதி வைப்பதை நிறுத்துங்கள். எல்லாம் அம்மன் சட்டி. எடுக்கிற அன்று சீட்டுப் போட்டோ வரிசைப்படியோ கொடுங்கள். 21 வேண்டுமென்றால் 25 போடுங்கள். நாலு கெட்டால் யாருக்கும் தெரியாமல் கோயில் தென்னைக்கு அடியில் போய்விடும். பேர் எழுதின சட்டி கெட்டால் அந்த வீட்டுப் பெண்ணைத்தான் ஊர் பார்க்கும். அவள் விதவையா, மாதவிலக்கா, யார் வீட்டில் சாப்பிட்டாள் என்று போகும். பேசினில் ஓட்டை போடாததை யாரும் கேட்கமாட்டார்கள்.

சாட்டுக்குப் பிறகு வீட்டில் தாளிப்பு வேண்டாம், ராத்தங்கலுக்கு வெளியூர் போகவேண்டாம் என்பதெல்லாம் ஊர்க் கட்டுப்பாடு, அதை உங்கள் ஊர் வழக்கப்படி பாருங்கள். எட்டு நாளுக்குள் ஊரில் சாவு விழுந்தால் என்ன செய்வது என்பதை மட்டும் சாட்டுக்கு முன்னாலேயே கூட்டத்தில் பேசி முடிவெடுங்கள். சாவு விழுந்த அன்று பேசினால் பயிரைப் பார்க்க ஆள் இல்லாமல் போகும், ஒரு நாள் தண்ணீர் இல்லையென்றாலே பங்குனியில் தலை தொங்கிவிடும்.

எடுக்கிற நேரம்: மதிய வெயிலில் வெளியே கொண்டுவராதீர்கள். இருட்டில் வெளுத்து வளர்ந்த பயிர் அரைமணி வெயிலில் துவண்டுவிடும். பொழுது சாய்ந்து எடுங்கள். அன்று காலையிலேயே கதவைப் பாதி திறந்துவைத்தால் லேசாகப் பச்சை ஏறிக் கொஞ்சம் நிமிர்ந்து நிற்கும். ஆனால் உங்கள் ஊரில் வெண்மஞ்சளாக இருப்பதுதான் அழகு என்றால் அது வேண்டாம். சும்மாடு பெரிதாக, பழைய பருத்திச் சேலையில் சுற்றுங்கள், பாலியஸ்டர் வழுக்கும். அடி தட்டிய பானைக்குச் சும்மாட்டின் நடுக்குழி சிறிதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அடியில் கட்டின நாரோ சோளத்தட்டையோ முழுக் கனத்தையும் வாங்கிப் பிரியும்.

---

ஓலைப்பெட்டி எழுதியது:

கரைப்பதைப் பற்றி யாரும் சொல்லவில்லை. பங்குனியில் கண்மாயில் தண்ணீர் இருக்குமா என்பதே சந்தேகம். முழங்கால் தண்ணீர்கூட இல்லையென்றால் கிணற்றில் கொண்டுபோய்க் கொட்டாதீர்கள், எருவும் வைக்கோலும் அழுகி அந்தத் தண்ணீர் பாழாகும். கண்மாய்க்குள் ஒரு குழி வெட்டி, நாலு குடம் தண்ணீர் விட்டு அதில் கரைத்து மூடிவிடலாம். தெர்மாகோல், சரிகைத்தாள், நாரைத் தவிர்த்த கயிறு எல்லாம் கரையிலேயே கழற்றிவிட வேண்டும். பானை உடையாமல் திரும்பினால் அடுத்த வருடத்துக்கு ஆகும், கழுவி வெயிலில் ஒரு வாரம் காயவைத்து எடுத்து வையுங்கள். கழுவாத சட்டியில் பழைய பூஞ்சை அப்படியே இருக்கும்.

---

கரிசல்விதை எழுதியது:

அதோடு ஒன்று. கரைத்த பயிரைக் கரையில் குவித்துவிட்டு வராதீர்கள். சோளத்தின் இளம்பயிரில் சயனைடு நஞ்சு உண்டு, குருத்து இளசாக இருக்கும்போதுதான் அது அதிகம். ஒரு சட்டியில் இருக்கிற சோளம் பெரிதில்லை, 21 சட்டிப் பயிர் ஒரே குவியலாகக் கிடந்து ஒரு ஆடு வயிறு முட்டத் தின்றால் வயிறு உப்பி, மூச்சுத் திணறி விழும். தண்ணீரில் பிரித்துவிடுங்கள், இல்லையென்றால் மண்ணில் புதையுங்கள். கரையில் ஆடு மேய்க்கிறவர்களிடமும் புதன்கிழமை காலை அந்தப் பக்கம் ஓட்டவேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

---

கண்மாய்க்கரை எழுதியது:

சோளத்தைச் சட்டிக்கு 10 கிராமாகக் குறைத்து, அந்த 10 கிராமைத் தட்டைப்பயறில் கூட்டிக்கொள்கிறேன். 25 சட்டிக்கு வேளாரிடம் சொல்லியாயிற்று, அடி தட்டியே தருவதாகச் சொன்னார். பேர் எழுதக்கூடாது என்பதை மட்டும் கூட்டத்தில் மதினி சொன்ன மாதிரியே சொல்ல வேண்டும், அதற்குத்தான் சண்டை வரும்.